உண்டியலும் உரிமையும்: முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு யார் துணை?

ராணுவத்தில் பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால் அவர் மனைவிக்கு எவ்வளவு ஓய்வூதியம் கிடைக்கும் என்பது, அவர் எப்படி இறந்தார் என்று யூனிட்டில் எழுதும் தாளைப் பொறுத்தது. எதிரியோடு நடந்த சண்டையில் அல்லது பயங்கரவாதிகளின் தாக்குதலில் என்றால், கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் குடும்ப ஓய்வூதியமாக வரும். பணியின் காரணமாக நேர்ந்த விபத்து அல்லது நோய் என்றால் 60 விழுக்காடு. பணிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டால் முதல் பத்தாண்டுகளுக்கு 50 விழுக்காடு, அதன்பின் 30. மூன்று வீட்டிலும் ஆள் போனது போனதுதான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மாதாந்திர மளிகைச் செலவும் மூன்று வீட்டுக்கும் ஒன்றுதான்.

அந்தத் தாளில் எழுதியிருப்பது சரிதானா, தவறென்றால் எத்தனை நாளுக்குள் யாரிடம் முறையிட வேண்டும், எந்த ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் கிராமத்தில் இருக்கும் இளம் கைம்பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கணவர் இருந்தவரை ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து அனைத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். படைவீரர் நலனுக்காக இயங்கும் அறக்கட்டளைகளையும் சங்கங்களையும் எடைபோட வேண்டுமென்றால் இந்த இடத்தில் நின்றுதான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை தையல் இயந்திரம் கொடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதைவிட, சட்டப்படி சேர வேண்டியதை எத்தனை குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்பதே நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த அமைப்புகள் வந்த வழியையும் இப்போது நிற்கும் இடத்தையும் பார்ப்போம்.

போருக்குப் போனவனின் குடும்பத்தை நெடுங்காலம் யாரும் அரசின் பொறுப்பாக நினைத்ததில்லை. 1885-ல் பிரிட்டன் எகிப்துக்குப் படை அனுப்பியபோது, ஜேம்ஸ் கில்டே என்ற ராணுவ அதிகாரி, வீட்டில் விடப்பட்ட மனைவி மக்களுக்கு உதவுமாறு 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்த சங்கம் இன்றும் இயங்குகிறது. முதல் உலகப் போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1915-ல் லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கியவர் ஆர்தர் பியர்சன். பத்திரிகை முதலாளியான அவரே கண்நீர் அழுத்த நோயால் பார்வை இழந்தவர். பார்வையற்றவர்களுக்கு இரக்கம் காட்டினால் போதாது, தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

அந்த எண்ணம் இந்தியாவுக்கும் வந்தது. கலிப்போலிப் போர்முனையில் கண்களை இழந்து, செயின்ட் டன்ஸ்டன்ஸில் பயிற்சி பெற்ற நியூசிலாந்துக்காரர் க்ளூத்தா மெக்கன்சி, இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943-ல் டேராடூனில் ஒரு பயிற்சி இல்லத்தை அமைத்தார். பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் இன்று டேராடூனில் இருப்பதற்கு அதுவே வித்து. அதற்கும் முன்பு, 1917-ல், பம்பாய் ஆளுநரின் மனைவி லேடி வில்லிங்டன் தொடங்கிய குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம், கை கால் இழந்து திரும்பிய வீரர்களுக்குத் தொழில் கற்பித்தது. பின்னர் புனே அருகே கட்கிக்கு இடம் மாறி, இன்றுவரை அதே வேலையைச் செய்துவருகிறது. நூறாண்டுக்கு மேலாக ஒரே நோக்கத்தோடு நடக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கும்? இது அதிகம் பேசப்படாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. உதகமண்டலத்தில் பிறந்த பார்சிப் பெண்மணி மேரி கிளப்வாலா, 1942-ல் சென்னையில் இந்திய விருந்தோம்பல் குழுவை ஏற்படுத்தினார். எல்லாச் சமூகத்துப் பெண்களையும் திரட்டி, நடமாடும் உணவகங்கள் நடத்துவது, மருத்துவமனைகளில் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் போய்ப் பார்ப்பது என்று போர்க்காலம் முழுதும் அந்தக் குழு உழைத்தது. பர்மாப் போர்முனையில் வென்ற பதினான்காம் படை, தான் கைப்பற்றிய ஜப்பானிய வாள் ஒன்றை அவருக்கு நன்றியாகக் கொடுத்தது. சமூகப்பணியைத் தொண்டுள்ளம் இருந்தால் போதும் என்று விட்டுவிடாமல், முறையாகப் படித்துச் செய்யவேண்டிய தொழிலாக அவர் பார்த்தார். 1952-ல் அவர் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி அந்தப் பார்வையின் விளைவு.

அரசு அமைப்பின் வேரும் முதல் உலகப் போரில்தான் இருக்கிறது. 1919-ல் உருவான இந்தியச் சிப்பாய்கள் வாரியம், பெயர்கள் மாறி, 1975-ல் கேந்திரிய சைனிக் போர்டு ஆயிற்று. பாதுகாப்புத் துறை அமைச்சர் அதன் தலைவர். அதற்குக் கீழே மாநில வாரியங்கள், அவற்றுக்குக் கீழே நாடெங்கும் ஏறக்குறைய நானூறு மாவட்ட அலுவலகங்கள். தமிழ்நாட்டில் இவை முன்னாள் படைவீரர் நலத்துறையின் மாவட்ட அலுவலகங்களாக இயங்குகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநிலமும் ஏற்கின்றன.

பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் நவம்பர் 11 அன்று பாப்பி மலர் விற்று நிதி திரட்டினார்கள். விடுதலைக்குப் பின் 1949-ல் டிசம்பர் 7 கொடிநாள் ஆனது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைகளின் நிறங்களில் அச்சிட்ட சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போட்டது நம்மில் பலருக்குப் பள்ளிக்கால நினைவு. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் முதல் காசைப் போட்டுத் தொடங்கிவைப்பார்; ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு திரட்ட வேண்டும் என்று இலக்கு வைப்பார்கள். நிதி திரட்டுவதில் நம் மாநிலம் நாட்டின் முன்வரிசையில் இருப்பதற்கு இந்த முறையும் ஒரு காரணம். தனித்தனியாகக் கிடந்த பல நிதிகளை 1993-ல் ஒன்றாக்கி, படைவீரர் கொடிநாள் நிதி என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள்.

இந்த நிதி யாருக்குப் போகிறது? ராணுவத்தில் இருந்தவர் என்றாலே கைநிறைய பென்ஷன் வாங்குகிறவர் என்ற எண்ணம் ஊரில் ஆழப் பதிந்திருக்கிறது. ஆனால் சிப்பாய்க்கு 15 ஆண்டு பணி முடிந்தால்தான் பணி ஓய்வூதியம். குடும்பச் சூழலாலோ வேறு காரணத்தாலோ பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டில் வெளியே வந்தவருக்கு அது இல்லை. குறுகிய காலப் பணியில் சேர்ந்து விலகிய அதிகாரிகளுக்கும் இல்லை. இப்படி ஓய்வூதியம் இல்லாமல் 65 வயதைக் கடந்த, ஹவில்தார் தகுதி வரையிலான முன்னாள் வீரருக்கும் அவர் இறந்தபின் மனைவிக்கும் கொடிநாள் நிதியிலிருந்து மாதந்தோறும் வறுமை உதவித்தொகை கொடுக்கிறார்கள். நெடுங்காலம் 4,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகையை 2025 நவம்பர் முதல் 8,000 ஆக்கினார்கள். பிள்ளைகளுக்கான கல்வி உதவி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ஆனது.

இரட்டிப்பாக்கியது நல்ல செயல். ஆனால் மருந்துக்கும் மளிகைக்கும் 4,000 ரூபாயில் மாதத்தை ஓட்ட முடியாது என்பதைக் கண்டுகொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது. உண்டியலில் விழும் காசு கூடும், குறையும். கிழவனின் பசிக்கு அந்தக் கணக்கு தெரியாது. 65 வயதுக்கு மேற்பட்ட, வேறு வருமானமற்ற முன்னாள் வீரரின் அன்றாடச் சோற்றை நன்கொடையின் பொறுப்பில் விடுவது ஓர் அரசுக்குப் பொருந்தாது. நன்கொடைக்கு வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன.

கைம்பெண்களின் நிலை தனியே பேசப்பட வேண்டியது. 1971 போர் முடிந்ததும் வி. மோகினி கிரி, 1972-ல் போர்க் கைம்பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். குடியரசுத் தலைவர் வி.வி. கிரியின் மருமகள் அவர். பின்னாளில் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். போர்க்கள வீரம் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தபோது, இருபது வயதில் கணவனை இழந்த பெண்ணுக்குப் படிப்பு வேண்டும், வேலை வேண்டும், தலை சாய்க்க ஒரு விடுதி வேண்டும் என்று சொன்ன குரல் அது.

அப்படி ஒரு குரல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு விதி போதும். வீரப் பதக்கம் பெற்றவர் இறந்தபின் அதற்கான மாதப்படி மனைவிக்கு வரும். முன்பு, அந்த மனைவி மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். இறந்துபோன கணவரின் சகோதரரைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும். பணம் வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகக் கொழுந்தனுக்கே கட்டிவைக்கும் வட இந்திய வழக்கத்துக்கு அரசாணையே துணைபோனது. 2017 நவம்பரில்தான் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். ஒரு பெண் யாரை மணக்கலாம் என்பதில் அரசு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தலையிட்டிருக்கிறது. கருணைத்தொகையும் ஓய்வூதியமும் வரும்போது பெற்றோருக்கும் மனைவிக்கும் இடையே மூளும் பிணக்கும் கார்கில் காலம் தொட்டுத் தெரிந்த துயரம். மகனை இழந்த தாய்க்கும் முதுமை இருக்கிறது, மருமகளுக்கும் வாழ்க்கை இருக்கிறது. இருவரையும் உட்காரவைத்துப் பேசக்கூடிய, இரு பக்கமும் நம்பக்கூடிய ஒருவர் அந்த முதல் சில மாதங்களில் தேவை. சங்கங்கள் செய்யக்கூடிய மிக நுட்பமான, மிகக் குறைவாகச் செய்யப்படும் பணி இதுதான்.

1966-ல் பதிவான ராணுவ மனைவியர் நலச் சங்கம் நாட்டின் மிகப்பெரிய தன்னார்வ அமைப்புகளில் ஒன்று. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இதுபோன்ற சங்கங்கள் உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக ராணுவ மனைவியர் நடத்தும் ஆஷா பள்ளிகள் உண்மையிலேயே அருமையானவை. கன்டோன்மென்ட்டுக்குள் இந்தச் சங்கங்களின் கை நீளமானது. தளபதியின் மனைவி தலைவர், அவருக்கு அடுத்த நிலை அதிகாரியின் மனைவி அடுத்த பொறுப்பு என்று படையின் படிநிலையே சங்கத்தின் படிநிலையாக இருப்பதால் வேலைகள் சட்டென்று நடக்கின்றன. குவார்ட்டர்ஸைக் காலிசெய்து ஊருக்குப் போன கைம்பெண்ணை அந்தக் கை அவ்வளவாக எட்டுவதில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்களில் பெங்களூரைச் சேர்ந்த சுபாஷிணி வசந்த் குறிப்பிடத்தக்கவர். அவருடைய கணவர் கர்னல் வசந்த் வேணுகோபால் 2007 ஜூலை 31 அன்று உரி பகுதியில் ஊடுருவல்காரர்களுடன் நடந்த சண்டையில் உயிர்நீத்து அசோக சக்கரம் பெற்றவர். பரதநாட்டியக் கலைஞரான சுபாஷிணி அதே ஆண்டு வசந்தரத்னா அறக்கட்டளையைத் தொடங்கி, வீரர்களின் மனைவியரைச் சந்தித்து, பிள்ளைகளின் படிப்புக்கும் மன ஆறுதலுக்கும் வழிசெய்து வருகிறார். சிறிய அமைப்புதான். தன்னைப் போலவே கணவனை இழந்த ஒருத்தி எதிரே வந்து உட்காரும்போது கிடைக்கும் தெம்பைப் பெரிய அலுவலகங்களால் தர இயலாது.

காயம்பட்டவர்களின் கதை வேறு. 1971 போரில் முதுகுத்தண்டு நொறுங்கியவர்களுக்காக 1974-ல் கட்கியில் தொடங்கிய மறுவாழ்வு மையமும், பின்னர் மொகாலியில் வந்த மையமும், சக்கர நாற்காலியில் இருக்கும் வீரர்களுக்கு வாழ்நாள் வீடு. அரசு உதவியோடு பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்தே இவற்றை நடத்துகிறது. 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்த முரளிகாந்த் பேட்கர், 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2018-ல். அதே 1965 போரில் காலை இழந்தும் பணியில் தொடர்ந்து ராணுவத் துணைத் தளபதி வரை உயர்ந்த லெப்டினன்ட் ஜெனரல் விஜய் ஓபராய், 2002-ல் போர்க்காயம் பட்டோர் அறக்கட்டளையை நிறுவினார்.

இவர்கள் வெளியே தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் தேறிய ஓர் இளைஞன், பனிமலையிலும் பாலைவனத்திலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வலிப்பு நோயோ மனநோயோ வந்து வெளியேற்றப்படுகிறான். இது பணியால் வந்ததல்ல என்று மருத்துவக் குழு எழுதுகிறது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேரும்போது அந்த நோய் பதிவாகவில்லை என்றால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. அதன் பிறகும் இத்தகைய வழக்குகள் நிற்கவில்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை உள்ளிட்ட கிளைகளில் ஓய்வூதிய வழக்குகள் குவிகின்றன. தீர்ப்பாயத்தில் வென்ற வீரருக்கு எதிராக அரசே மேல்முறையீடு செய்வதை முன்னாள் படைவீரர் சங்கங்கள் தொடர்ந்து கண்டித்துவருகின்றன. அவர்கள் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது.

சங்கங்கள் போராடிப் பெற்றவை சில. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று உறுதிசெய்த 1982 டிசம்பர் 17-ஆம் நாள் நகாரா தீர்ப்பை எல்லாப் பென்ஷன்காரர்களும் அறிவார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் எச்.டி. ஷோரியின் 'காமன் காஸ்' என்ற பதிவுபெற்ற சங்கமும் ஒன்று. தனி ஆளாக நீதிமன்றம் போக முடியாத முதியவர்களுக்காகச் சங்கம் வழக்காடலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1964-ல் தொடங்கிய இந்திய முன்னாள் படைவீரர் லீக் முதல், பின்னர் வந்த இயக்கங்கள் வரை, எந்த ஆண்டில் ஓய்வுபெற்றாலும் 'ஒரே தகுதிக்கு ஒரே ஓய்வூதியம்' கேட்டு மனுக் கொடுத்தும் ஊர்வலம் போயும் அலுத்தன. 2015 ஜூன் மாதம் ஜந்தர் மந்தரில் தொடர் போராட்டம் தொடங்கியது. எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 5 அன்று அரசு அந்தத் திட்டத்தை அறிவித்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டுக் கொடுத்தது. குறைகளைச் சுட்டிக்காட்டி முன்னாள் படைவீரர் இயக்கம் தொடுத்த வழக்கில் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசின் கொள்கையை ஏற்றுக்கொண்டாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டிய மறுநிர்ணயத்தைச் செய்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

வெற்றிக்குப் பிறகு பிளவு வந்தது. தலைமையில் பெரும்பாலும் அதிகாரிகள், தொண்டர்களில் பெரும்பாலும் ஜவான்கள் என்று அமைந்த சங்கங்களில் இது எதிர்பார்க்கக்கூடியதே. ராணுவப் பணிக்கான தனிப்படி அதிகாரிகளுக்கு 15,500 ரூபாய், ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் 5,200 ரூபாய். ஒரே பதுங்கு குழியில் இருந்தவர்களுக்கு ஆபத்து மூன்று மடங்கு வேறுபடுமா என்று கேட்டு ஜவான்களின் அமைப்புகள் 2023-ல் தனியே ஜந்தர் மந்தருக்கு வந்தன. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாத சங்கம் எல்லோர் பெயரிலும் பேச முடியாது.

இனி, நான் முக்கியமென்று கருதும் இடத்துக்கு வருகிறேன். படையில் ஒருவருடைய திருமணம், குழந்தை பிறப்பு, பெயர் மாற்றம் எல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற பதிவில் ஏற வேண்டும். இரண்டாவது மகளின் பெயர் ஏறவில்லை என்றால் அரசைப் பொறுத்தவரை அப்படி ஒரு மகளே இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இனிஷியலோடு இன்னொரு பெயர் என்பது தமிழ்க் குடும்பங்களில் சாதாரணம். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நம் வழக்கத்துக்கு வடநாட்டுப் படிவத்தில் கட்டம் கிடையாது. திருத்த வேண்டுமென்றால் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூரை அடுத்த வெலிங்டன், பேருந்தில் போய்விடலாம். பீரங்கிப் படை என்றால் நாசிக். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். ராணுவ மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். அப்படிப்பட்ட ஊரில் என்றால் யாராவது ஒரு சுபேதார் இந்தக் கடிதங்களை எழுதித் தருவார். ராணுவத்தார் அதிகமில்லாத ஊரில் தனியாக இருக்கும் கைம்பெண்ணுக்கு யார் எழுதுவார்?

இப்போது பிரயாக்ராஜில் உள்ள படைவீரர் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து 'ஸ்பர்ஷ்' இணைய முறையில் ஓய்வூதியம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் கணக்கு ஒரே இடத்தில் இருப்பது பெரிய சாதனை. ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். கைரேகை தேய்ந்துபோன எண்பது வயது மூதாட்டிக்கு ஸ்மார்ட்போனும் கடவுச்சொல்லும் மலைதான். முன்பு வங்கிக் கிளையில் முகம் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். இப்போது யாரிடம் கேட்பது என்பதே கேள்வி.

இந்த வேலையைத் தொழிலாகவே செய்யும் சங்கத்தைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1920-ல் தொடங்கிய ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர் சங்கம், பயிற்சி பெற்ற சேவை அலுவலர்களை நாடெங்கும் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தாங்களே காயம்பட்ட முன்னாள் வீரர்கள். ஊனமுற்றோர் ஓய்வூதிய விண்ணப்பத்தை ஒரு காசு வாங்காமல் எழுதி, மருத்துவச் சான்றுகளைச் சேர்த்து, மறுத்தால் மேல்முறையீடும் செய்கிறார்கள். அரசின் அங்கீகாரம் அவர்களுக்கு உண்டு. அமெரிக்கன் லீஜன் அமைப்போ ஒரு சட்டத்தையே எழுதியது: அதன் முன்னாள் தலைவர் ஹாரி கோல்மெரி வரைந்த திட்டமே 1944 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. சட்டம் ஆனது. சுமார் 78 லட்சம் பேர் அதனால் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அந்தச் சட்டத்தின் பலன் பெருமளவு மறுக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டம் எவ்வளவு நல்லதானாலும், உள்ளூர் அலுவலகத்தில் படிவத்தை வாங்குகிறவர் கையில்தான் அதன் பலன் இருக்கிறது.

நம் மாவட்ட அலுவலகங்களிலும் நல அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் முன்னாள் வீரர்களே. ஆட்சியர் தலைமையில் முன்னாள் படைவீரர்களுக்கான சிறப்புக் குறைதீர் கூட்டமும் நடக்கிறது. மாவட்டம் முழுதும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தேடிப்போக இந்த ஆள்பலம் போதாது. சங்கங்கள் இந்த இடத்தில் தோள்கொடுக்க வேண்டும். வட்டத்துக்கு ஒருவரை, ஓய்வூதிய விதிகளிலும் ஸ்பர்ஷ் முறையிலும் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்துக்கு வைப்பதற்குக் கொடிநாள் நிதியில் ஒரு பங்கை ஒதுக்கினால், அது ஒருமுறை கொடுத்துத் தீரும் எந்த உதவியையும்விடப் பெரிய தொகைகளைக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் படையிலிருந்து வெளியே வருகிறார்கள். பலருக்கு வயது நாற்பதுக்குள். தமிழ்நாடு அரசு 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ கழகம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் காவலாளி வேலை. ராடார் பழுதுபார்த்தவர், வெடிகுண்டு செயலிழக்கச் செய்தவர், நூறு பேருக்குச் சமைத்துப் போடும் கிடங்கை நிர்வகித்தவர் எல்லோரையும் ஒரே வாசற்படியில் சீருடையோடு நிறுத்துவது திறமையை வீணடிப்பது. தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 விழுக்காடு மூலதன மானியமும் தரும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் அந்த வகையில் சரியான திசையில் வைத்த அடி.

மக்களின் ஈகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் இருவர். அந்த வாரம் 'பாரத் கே வீர்' இணையதளத்துக்கு நாடே பணம் அனுப்பியது. ஒரு குடும்பத்தின் கணக்கில் 15 லட்சம் ரூபாய் சேர்ந்தால் அதற்கு மேல் வருவது பொது நிதிக்குப் போகும் என்று அந்தத் தளத்தில் வரம்பு வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. தொலைக்காட்சியில் முகம் வந்த குடும்பத்துக்கு மட்டும் பணம் குவிந்து, அதே மாதம் விடுப்பில் வந்தபோது சாலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதை இப்படித்தான் தடுக்க முடியும். உணர்ச்சி பொங்கும் நாட்களில் போலி வங்கிக் கணக்குகளும் தவறான வாட்ஸ்அப் செய்திகளும் உலவுகின்றன. பாதுகாப்பு அமைச்சகமே மறுப்பு வெளியிட வேண்டிவந்திருக்கிறது. கொடுக்க நினைப்பவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலோ கேந்திரிய சைனிக் போர்டின் தளத்திலோ விசாரித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

இத்தனை நிதிகளும் சங்கங்களும் இருந்தும் வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் இருக்கிறார்கள். எல்லையில் உயிரைக் கொடுக்கும் மத்திய ஆயுதக் காவல் படையினர் சட்டப்படி 'முன்னாள் படைவீரர்' அல்லர். தேசியப் பாதுகாப்புக் கழகம் போன்ற ராணுவக் கழகங்களில் பயிற்சியின்போது முதுகொடிந்து வெளியேற்றப்பட்ட பயிற்சி மாணவர்களும் அல்லர். அதிகாரியாவதற்கு முன்பே அடிபட்டுவிட்டார்களாம். 1985-லிருந்து இப்படி வெளியேறியவர்கள் சுமார் 500 பேர். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த பிறகுதான் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் திறந்துவிடப்பட்டது. இவ்வளவு காலம் எந்தப் பெரிய சங்கமும் இவர்களைத் தன் ஆட்களாக எண்ணி விடாப்பிடியாக நிற்கவில்லை என்பது கசப்பான உண்மை.

அடுத்து வருகிறவர்கள் அக்னிவீரர்கள். 2022-ல் தொடங்கிய திட்டத்தின்படி நான்காண்டுப் பணி. நால்வரில் ஒருவரைத்தான் படையில் தொடர அனுமதிப்பார்கள். மற்ற மூவருக்கும் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி உண்டு; ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, கேன்டீன் இல்லை, மருத்துவத் திட்டம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள முன்னாள் படைவீரர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் விதியில் ஒரு வரியை இப்போதே திருத்தி, இந்த இளைஞர்களையும் காயம்பட்டு வெளியேறிய பயிற்சி மாணவர்களையும் மத்தியப் படையினரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும். அக்னிவீரர்களின் முதல் அணிக்கு நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது.